வெடிச்ச எடத்துல மிஞ்சின தூசிய லெப்ல எப்படி பாக்குறாங்க? அடிக்கடி வர்ற கேள்விகளும் எனக்கு தெரிஞ்ச பதிலும்

நான் ஹட்டன் பக்கம் ஏ.எல். பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி டியூஷன் குடுக்குறவன். அதுக்கு முன்ன ஏழு வருஷம், தேயிலையில பூச்சிமருந்து எச்சம் இருக்கான்னு பாக்குற ஒரு லெப்ல மெஷினோட மல்லுக்கட்டினவன். பொலிஸ் கேஸ் பாக்குற லெப்ல வேல செஞ்சதில்ல, அத மொதல்லயே சொல்லிடுறேன். ஆனா மெஷினும் கணக்கும் ரெண்டு எடத்துலயும் ஒண்ணுதான், தேடுற சாமான் தான் வேற. டீவியில குண்டு கிண்டுன்னு நியூஸ் வந்தாலோ, பக்கத்து குவாரியில ஏதாவது கேஸ் ஆனாலோ, பிள்ளைங்க, பிள்ளைங்களோட அம்மாமாரு, பஸ்ல பக்கத்து சீட்காரரு, ஒரு லோயர்கிட்ட கிளாக்கா இருக்குற நம்ம தம்பி ஒருத்தரு, எல்லாரும் அதே கேள்விய தான் திருப்பி திருப்பி கேக்குறாங்க. அதான் அவங்க கேட்ட மாதிரியே போட்டு பதில் எழுதிட்டேன். ஸ்கூல் புத்தகத்துல நைத்திரேற்று, பொற்றாசியம்னு இருக்கும், நான் வாயில வர்ற மாதிரி நைட்ரேட், பொட்டாசியம்னே எழுதுறேன், சோதனையில அப்படி எழுதிட்டு வந்து என்னய திட்டாதீங்க.

சேர், குண்டு வெடிச்சா வெடிமருந்து எல்லாம் எரிஞ்சு போயிடுமே, அப்புறம் என்னத்த டெஸ்ட் பண்றாங்க?

எல்லாம் எரியாது. எவ்வளவு நல்லா வெடிச்சாலும் ஓரத்துல இருக்குற கொஞ்சம் எரியாம தூசியா தெறிச்சு பக்கத்துல இருக்குற தகரம், கல்லு, துணி, மரம்னு ஒட்டிக்கும். கண்ணுக்கு தெரியாது. கிராம் கணக்குல யோசிக்காதீங்க, ஒரு கிராமுல பத்து லட்சத்துல ஒரு பங்கு, சில நேரம் அதுக்கும் ஆயிரத்துல ஒரு பங்கு. இதுல எப்படி தேடுவாங்கன்னு கேட்டா, தேயிலைய யோசிச்சு பாருங்க. ஒரு பூச்சிமருந்துக்கோ களைமருந்துக்கோ தனியா அளவு வைக்கலன்னா ஜப்பான்காரன் போடுற பொது எல்லை 0.01 பிபிஎம், அதாவது ஒரு கிலோ தேயிலையில ஒரு மில்லிகிராமுல நூத்துல ஒரு பங்கு. அத அளக்க முடியுதுன்னா இதையும் அளக்க முடியும்.

அது போக எரிஞ்சு முடிஞ்ச பிறகு மிஞ்சுற சாம்பலும் கதை சொல்லும். சில கலவை எரிஞ்சா குளோரைட் மிஞ்சும், சிலது எரிஞ்சா சல்ஃபேட் மிஞ்சும். ஆனா எரியாம மிஞ்சின மருந்து கிடைக்கிறது தான் பெரிய விஷயம், சாம்பல வச்சு மட்டும் பேசுறது வழுக்குற பாதை, ஏன்னு உரம் கேள்வியில சொல்றேன்.

மண்ண பைபையா அள்ளிக்கிட்டு போறத டீவியில பாத்தேன், கண்டதையெல்லாமா எடுப்பாங்க?

கண்டத எடுக்க மாட்டாங்க. வெடிச்ச குழி எங்கயோ அங்க இருந்து மண்ணு, குழிக்கு கிட்ட நின்ன தகரம், பிளாஸ்டிக், காயப்பட்டவங்களோட உடுப்பு, அப்புறம் வயர் துண்டு, பேட்டரி துண்டு மாதிரி குட்டி சாமான். தூக்க முடியாத சாமானா இருந்தா பஞ்ச நனைச்சு தொடச்சு எடுப்பாங்க. ஒவ்வொண்ணும் தனித்தனி பையில. சாதா பொலித்தீன் பையில போட்டா சில மருந்தோட ஆவி உள்ளயும் வரும் வெளியயும் போகும், அதனால நைலோன் பை, இல்லன்னா மூடி இறுக்குற பெயின்ட் டின் மாதிரி தகர டின்.

இதுல யாருமே கவனிக்காத ஒரு பை இருக்கு, எனக்கு அதான் முக்கியம். வெடி நடந்த எடத்துல இருந்து தள்ளி, சம்பந்தமே இல்லாத எடத்துல இருந்தும் கொஞ்சம் மண்ணு எடுப்பாங்க. எடுத்தவரு போட்டிருந்த கிளவுஸ், பாவிக்காத வெறும் பஞ்சு, அதுவும் போகும். வெறும் பஞ்ச எதுக்கு கொழும்புக்கு அனுப்புறீங்கன்னு கேட்டா சிரிப்பா தான் இருக்கும். ஆனா அந்த வெறும் பஞ்சுலயும் நைட்ரேட் வந்துச்சுன்னா மத்த ரிசல்ட் எல்லாத்தையும் தூக்கி குப்பையில போடணும்.

நம்ம பக்கம் மழை விடாம பேயுதே, எல்லாம் கழுவிக்கிட்டு போயிடாதா?

பாதி போயிடும், பாதி போகாது. சீனி தண்ணியில கரையுது, மெழுகு கரையல, அந்த மாதிரி. நைட்ரேட், குளோரேட், பெர்குளோரேட் எல்லாம் உப்பு சாதி, மஸ்கெலியாவுல பேயுற மாதிரி ஒரு மழை அடிச்சா ஒரு ராத்திரியில காணாம போயிடும். ஆனா டி.என்.டி., ஆர்.டி.எக்ஸ்., பி.இ.டி.என்.னு சொல்ற பலமான வெடிமருந்து எல்லாம் தண்ணியில ரொம்ப லேசா தான் கரையும். அதனால இந்த பக்கம்னா மொத வேல ஒரு தரப்பாள இழுத்து மூடுறது தான், போட்டோ எல்லாம் பிறகு.

சாம்பிள் எங்க போகும்? கண்டியிலயே பாக்க முடியாதா?

அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு போகும், பத்தரமுல்ல பெலவத்தையில இருக்கு. கோர்ட் மூலமா சீல் வச்சு போகும். பெரிய யூனிவர்சிட்டியில மெஷின் இருக்கலாம், ஆனா மெஷின் இருந்தா போதாது, சாம்பிள் யார் கையில இருந்து யார் கைக்கு எந்த நேரம் மாறிச்சு, சீல் உடையாம இருந்துச்சா, எல்லாம் கையெழுத்தோட இருக்கணும்.

கலர் மாறினா வெடிமருந்து தான்னு அர்த்தமா?

இல்ல. இல்லவே இல்ல. இத தான் அதிகமா கேக்குறாங்க, அதனால இங்க கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

ஏ.எல். பிள்ளைங்களுக்கு கபில வளையப் பரிசோதனை தெரியும், நைட்ரேட் இருந்தா ரெண்டு திரவம் சந்திக்கிற எடத்துல ஒரு வளையம் விழும். அதே மாதிரி கிரீஸ் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, நைட்ரைட்ட பிடிச்சு ரோஸ் கலர் காட்டும். டைனமைட்ல இருக்குற நைட்ரோகிளிசரின் மாதிரி மருந்த மொதல்ல கார (அல்கலி) தண்ணியில உடைச்சா நைட்ரைட் வெளிய வரும், அப்புறம் இந்த டெஸ்ட். லேசு, மலிவு, அஞ்சு நிமிஷம் போதும். கெட்டதும் அங்க தான் இருக்கு. ரோஸ் கலரு "நைட்ரைட் இருக்கு"ன்னு தான் சொல்லுது, அது எங்க இருந்து வந்துச்சுன்னு அதுக்கு தெரியாது.

1974 நவம்பர் 21, இங்கிலாந்து பர்மிங்ஹாம்ல ரெண்டு பப்ல குண்டு வெடிச்சு 21 பேரு செத்தாங்க. அன்னைக்கு ராத்திரியே அயர்லாந்து போற கப்பல பிடிக்க ரயில்ல போன அஞ்சு பேர பிடிச்சு கைய தொடச்சு பாத்தாங்க, ரெண்டு பேரோட கையில கிரீஸ் டெஸ்ட் ரோஸ். டெஸ்ட் பண்ணின ஃபிராங்க் ஸ்கியூஸ் 99 வீதம் நிச்சயம்னு கோர்ட்ல சொன்னாரு. அவங்க ரயில்ல என்ன பண்ணிக்கிட்டு போனாங்க தெரியுமா? சீட்டு விளையாடினாங்க. சீட்டுக்கட்டோட பளபளப்புக்கு பூசுறது நைட்ரோசெல்யுலோஸ். அத தொட்ட கையும் அதே ரோஸ் கலர் காட்டும்னு பிறகு தான் வெளிய வந்துச்சு. பிறகு பிடிச்ச அவங்க கூட்டாளி ஒருத்தரோட சேத்து ஆறு பேர உள்ள போட்டாங்க, 1991 மார்ச் 14ல தான் தீர்ப்ப ரத்து பண்ணி வெளிய விட்டாங்க. பதினாறு வருஷம். டெஸ்ட் மட்டும் காரணம் இல்ல, பொலிஸ் அடிச்சு வாங்கின வாக்குமூலமும் இருந்துச்சு, ஆனா அந்த ரோஸ் கலரு தான் ஆரம்பம். இந்த கதைய கிளாஸ்ல சொன்னா பின் பெஞ்சுல கூட சத்தம் நின்னுடும்.

இப்ப கலர் டெஸ்ட்ட "மேல பாக்கலாமா வேணாமா"ன்னு முடிவு பண்ண மட்டும் தான் பாவிக்கிறாங்க. அதோட நிக்கணும்.

மெஷின் மெஷின்னு சொல்றீங்களே, உள்ளுக்குள்ள என்னா தான் நடக்குது?

வடிதாள்ல பேனை மையால ஒரு புள்ளி வச்சு நுனிய தண்ணியில விட்டா கறுப்பு மை நீலம், ஊதா, மஞ்சள்னு பிரிஞ்சு ஓடுமே, ஆறாம் வகுப்புல எல்லாரும் பண்ணினது தான். எல்லா கலரும் ஒரே வேகத்துல ஓடாது, தாளோட அதிகமா ஒட்டுறது பின்தங்கும். எச்.பி.எல்.சி.ங்கறது அதே ஓட்டப்பந்தயம், தாளுக்கு பதிலா விரல் தடிப்புல ஒரு உருக்கு குழாய், உள்ள மா மாதிரி தூள் இறுக்கி அடைச்சிருக்கும், திரவத்த பம்ப் போட்டு தள்ளுவாங்க. ஒவ்வொரு பொருளும் தனக்குன்னு ஒரு நேரத்துல வெளிய வரும். ஆர்.டி.எக்ஸ். ஒரு நிமிஷத்துல, டி.என்.டி. வேற நிமிஷத்துல. லெப்ல சுத்தமான டி.என்.டி.ய முன்னமே ஓட்டி நேரம் குறிச்சு வச்சிருப்பாங்க, சாம்பிள்ல அதே நேரத்துக்கு மெஷின் வரையிற கோட்டுல ஒரு மேடு எழும்பினா அது சந்தேகத்துக்கு உரியது.

நேரம் மட்டும் பாத்தா ஏமாறுவோம், ரெண்டு பஸ் ஒரே நேரத்துக்கு ஸ்டாண்டுக்கு வரலாம் தானே. அதனால வெளிய வர்றத அப்படியே மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள்ள விடுவாங்க, அது மூலக்கூற மின்னேத்தி, உடைச்சு, துண்டுகள எடை போடும். நேரமும் பொருந்தணும், எடையும் பொருந்தணும். காஸ் ஓடுற மெஷினும் இருக்கு, ஆனா அதுல சாம்பிள சூடாக்கணும், ஆர்.டி.எக்ஸ்.ஸும் பி.இ.டி.என்.னும் சூட்டுல உடையக்கூடிய சாதி, அதனால இந்த வேலைக்கு திரவம் ஓடுற மெஷின் தான் பலருக்கு பிடிக்கும்.

உப்பு சாதிக்கு அயன் குரோமட்டோகிராஃபி. சாம்பிள தண்ணியில கழுவி அந்த தண்ணிய ஓட்டினா நைட்ரேட், நைட்ரைட், குளோரைட், குளோரேட், பெர்குளோரேட்னு தனித்தனியா பிரிஞ்சு வரும். எரியாத துகள் ஒண்ணு கிடைச்சா எலக்ட்ரோன் மைக்ரோஸ்கோப்ல வச்சு அலுமினியம் இருக்கா, கந்தகம் இருக்கான்னு மூலகம் மூலகமா பாக்கலாம். இன்னொண்ணு ராமன், லேசர அடிச்சு சிதறி வர்ற ஒளிய பாத்து பொருள சொல்றது, கண்ணாடி போத்தல திறக்காமலே கூட பாக்கலாம். ஒளி இப்படி சிதறுறத 1928ல சி.வி. ராமன் கண்டுபிடிச்சாரு, 1930ல நோபல் பரிசு, நம்ம திருச்சிராப்பள்ளியில பொறந்த ஆளு. பதுளையில ஒரு பாட்டி கிட்ட இத சொன்னப்போ "நம்ம ஊரு பையனா"ன்னு கேட்டாங்க, அவங்க தாத்தாவும் திருச்சி பக்கமிருந்து வந்தவராம்.

ஒரு மெஷின் போதாதா, எதுக்கு ரெண்டு மூணு?

ஒரே ஆள் ரெண்டு தடவ சொன்னா அது ரெண்டு சாட்சி ஆகாது. அதே மாதிரி ஒரே விதமா வேல செய்ற ரெண்டு டெஸ்ட்ட பண்ணி பிரயோசனம் இல்ல, வேற வேற அடிப்படையில வேல செய்ற ரெண்டு முறை ஒரே பதில் சொல்லணும். கிரீஸ் டெஸ்ட் ரெண்டு தடவ பண்ணினா சீட்டுக்கட்டு ரெண்டு தடவயும் ஏமாத்தும். சீட்டுக்கட்டு பூச்ச மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல விட்டா அங்க பல்லு இளிச்சிடும்.

எங்க வீட்டுக்காரரு தோட்டத்துல உரம் போடுறவரு. கைய தொடச்சு பாத்தா மாட்டிக்குவாரா?

அக்கா, பயப்படாதீங்க, ஆனா கேள்வி ரொம்ப சரியான கேள்வி. தேயிலைக்கு போடுற கலவையில இருக்குறது யூரியா, எப்பாவல பொஸ்பேட், எம்.ஓ.பி. மூணுமே வெடிமருந்து இல்ல. யூரியாவுல நைட்ரேட் கிடையாது, ஆனா மண்ணுல இருக்குற பக்டீரியா அத மெல்ல மெல்ல நைட்ரேட்டா மாத்தும், அதனால தேயிலை மலை மண்ணுல நைட்ரேட் எப்பவும் இருக்கும். எம்.ஓ.பி.ங்கறது பொட்டாசியம் குளோரைட். இங்க தான் விஷயம், மொத பதில்ல எரிஞ்சா குளோரைட் மிஞ்சும்னு சொன்னேனே, பொட்டாசியம் குளோரேட் எரிஞ்சு மிஞ்சுறதும் இதே பொட்டாசியம் குளோரைட் தான். ஆக சாம்பல மட்டும் பாத்தா, காட்டுப்பன்னி கடிச்சா வெடிக்கிற மாதிரி தீனிக்குள்ள ஒளிச்சு வைக்கிற பன்னிவெடியும் உர மூட்டையும் ஒரே மாதிரி தெரியும்.

அதனால தான் "நைட்ரேட் இருக்கு", "குளோரைட் இருக்கு"ன்னு மட்டும் எழுதி ஒரு ஆள மாட்ட முடியாது, மாட்டவும் கூடாது. எரியாத குளோரேட் இருந்துச்சா, அளவு எவ்வளவு, அதே லயத்துல உரம் போடுற மத்தவங்க கையில எவ்வளவு, அதே மலையில தள்ளி எடுத்த மண்ணுல எவ்வளவுன்னு ஒப்பிட்டு பாக்கணும். ரெண்டாவது பதில்ல சொன்ன அந்த வெறும் மண்ணு பை எதுக்குன்னு இப்ப புரியுதா? நைட்ரேட் தோட்டத்துல இருக்கும், தண்ணியில இருக்கும், சொசேஜ் மாதிரி சாப்பாட்டுலயும் இருக்கும். ஆர்.டி.எக்ஸ். அப்படி இல்ல, அது எந்த தோட்டத்து மண்ணுலயும் தானா வராது, அது இருந்தா கேள்வி கேக்க வேண்டியது தான்.

எங்க அப்பா நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற குளிசை நைட்ரோகிளிசரின்னு எழுதியிருக்கு, அது டைனமைட்ல போடுறது இல்லயா?

அதே தான். எங்க அப்பாவும் அந்த குட்டி போத்தல சட்டைப் பையிலயே வச்சிருந்தாரு. குளிசையில இருக்குறது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு, வெடிக்கிற பேச்சே இல்ல, ரத்தக்குழாய விரிக்கிற வேல மட்டும். ஆனா மெஷினுக்கு மூலக்கூறு ஒண்ணு தான், கையில இருந்தா காட்டும். அப்ப என்ன பண்ணுவாங்க? பல டைனமைட் வகையில நைட்ரோகிளிசரினோட ஈ.ஜி.டி.என்.னு இன்னொரு எண்ணெய் சேர்ந்திருக்கும், குளிசையில அது இருக்காது. கூட்டாளியும் இருக்கானான்னு தேடுவாங்க. மருந்துச் சீட்டையும் கேப்பாங்க, அதனால கிளினிக் கொப்பிய பத்திரமா வச்சுக்குங்க.

எயார்போட்ல துணித் துண்டால பேக்க தொடச்சு ஒரு பெட்டியில சொருகுறாங்களே, அதுவும் இது தானா?

சொந்தக்காரன், ஆனா தம்பி முறை. துணியில ஒட்டினத சூடாக்கி ஆவியாக்கி, மின்னேத்தி, ஒரு குழாய்க்குள்ள ஓட விடுவாங்க. சின்னது சீக்கிரம் வரும், பெரிசு மெதுவா வரும், எல்லாம் மில்லி செக்கனுக்குள்ள. சில கிரீம் கூட அலாரம் அடிக்க வைக்கும். அடிச்சா பேக்க திறந்து பாப்பாங்க, அவ்வளவு தான், அந்த அலாரத்த கொண்டு போய் கோர்ட்ல வைக்க முடியாது. துபாய்ல இருந்து வந்த மச்சான் ஒருத்தரு இதுல மாட்டி வேர்த்து விறுவிறுத்து நின்னாரு, கடைசியில கையில பூசின லோஷன்.

அப்ப பொலிஸ் நாய்?

கண்டி அஸ்கிரியவுல தான் பொலிஸ் நாய் பிரிவோட தலைமை இடம். நல்லா பழக்கின நாய்க்கு முன்னால பல மெஷின் தோத்துடும், ஆனா நாய் எடத்த காட்டும், பொருளோட பேர சொல்லாது. அது உக்காந்த எடத்துல இருந்து சாம்பிள் எடுத்து லெப்புக்கு அனுப்பணும்.

குவாரியில வைக்கிற வெடிக்கும் பன்னிக்கு வைக்கிற ஹக்கபட்டாஸுக்கும் (அதே பன்னிவெடி தான்) லெப்ல வித்தியாசம் தெரியுமா?

நல்லாவே தெரியும். கல்லு உடைக்க, சுரங்கம் தோண்ட லைசென்ஸ்ல வர்றது பெரும்பாலும் அமோனியம் நைட்ரேட்ட அடிப்படையா வச்ச மருந்து, அதுக்குரிய அமோனியம், நைட்ரேட், சில நேரம் எண்ணெயும் மெழுகும் மிஞ்சும். தலவாக்கலையில மேல் கொத்மலை சுரங்கம் வெட்டின காலத்துல, 2012ல கரண்ட் வர்றதுக்கு முன்ன, கண்ணாடி யன்னல் அதிர்ந்தத இன்னும் சொல்றவங்க இருக்காங்க. அது சட்டப்படி நடந்தது. 1956இன் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டம் இருக்கு, லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தாலே குற்றம்.

ஹக்கபட்டாஸ்ல மிஞ்சுறது வேற குடும்பம், குளோரேட், பொட்டாசியம், கந்தகம் அந்த பக்கம். அது பன்னிய மட்டுமா கொல்லுது, மாடு, நாய், கீழ்நாட்டுல யானைக்குட்டி வரைக்கும் வாய் கிழிஞ்சு நாள் கணக்குல பட்டினி கிடந்து சாகுது. செத்த மிருகத்தோட தாடையில இருந்தும் சாம்பிள் எடுக்கலாம், ஆனா சீக்கிரம் எடுக்கணும், உமிழ்நீரும் மழையும் ஒரே வேலைய தான் செய்யும்.

லெப்லயே தூசி ஒட்டியிருந்தா?

நடந்திருக்கு. இங்கிலாந்துல வெடிமருந்து பாக்குற அரசாங்க லெப்ல ஒரு சென்ட்ரிஃபியூஜ், சாம்பிள சுத்தி தெளிய வைக்கிற சாமான், அதுல ஆர்.டி.எக்ஸ். ஒட்டிக்கிட்டு வருஷக்கணக்கா இருந்தது 1996ல தெரிய வந்துச்சு. பேராசிரியர் பிரயன் கேடி தலைமையில விசாரணை போட்டு பழைய கேஸ் எல்லாத்தையும் தோண்டி பாத்தாங்க. அதனால தான் கிலோ கணக்குல மருந்து பாக்குற அறையும் தூசி பாக்குற அறையும் தனித்தனியா இருக்கணும், அங்க போன ஆள் உடுப்பு மாத்தாம இங்க வரக்கூடாது.

நான் தேயிலை லெப்ல இருந்தப்போ ஒரு நாள் சாம்பிளே போடாத வெறும் திரவத்துலயே மேடு எழும்பிச்சு. ரெண்டு நாள் மண்டைய பிச்சுக்கிட்டோம். பாத்தா ஒரு பையன் புது களைமருந்து போத்தல திறந்த கையோட வந்து மெஷினுக்குள்ள சாம்பிள் ஏத்துற ஊசிய தொட்டிருக்கான். அந்த வாரத்து வேல முழுக்க திரும்ப பண்ணினோம். அது தேயிலை, திரும்ப பண்ணலாம்.

எந்த கம்பெனி மருந்து, யாரு வச்சதுன்னு சொல்லுமா?

யாருன்னு சொல்லாது. எந்த வகைன்னு சொல்லும், சில நேரம் கூட இருக்குற கலப்ப வச்சு ரெண்டு சாம்பிள் ஒரே தொகுதியா இருக்கலாம்னு சொல்லும். சுவிட்சர்லாந்துல மட்டும் 1980ல இருந்து வெடிமருந்துக்குள்ளயே குட்டி குட்டி அடையாளத் துகள் போடணும்னு சட்டம், வெடிச்ச பிறகும் அத பொறுக்கி எந்த ஃபெக்டரின்னு பாக்கலாம். லொக்கர்பி விமானக் குண்டுக்கு பிறகு 1991ல மொன்ட்ரியல்ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, பிளாஸ்டிக் வெடிமருந்துல மணம் பிடிக்கக்கூடிய பொருள் கலக்கணும்னு. ஆனா அது வெடிக்க முன்ன கண்டுபிடிக்கத்தான்.

ரிப்போர்ட்ல "கண்டறியப்படவில்லை"ன்னு வந்தா ஆள் நிரபராதியா? "கண்டறியப்பட்டது"ன்னு வந்தா கதை முடிஞ்சதா?

இது நம்ம கிளாக் தம்பியோட கேள்வி. ரெண்டுக்குமே இல்லன்னு தான் பதில். கண்டறியப்படலன்னா, எடுத்த சாம்பிள்ல, அந்த மெஷின் பாக்கக்கூடிய அளவுக்கு மேல, தேடின பொருள் இல்ல, அவ்வளவு தான். மழையில போயிருக்கலாம், பிந்தி எடுத்திருக்கலாம், தேடாத வகையா இருந்திருக்கலாம். நைட்ரஜனே இல்லாத வெடிமருந்தும் இருக்கு, நைட்ரோ பாக்குற டெஸ்ட் எல்லாம் அத கண்ண மூடிக்கிட்டு தாண்டி போயிடும்.

கண்டறியப்பட்டதுன்னா பொருள் அங்க இருந்துச்சு. எப்படி வந்துச்சுங்கறது ரிப்போர்ட்டோட வேல இல்ல, குவாரியில வேல செய்றவன் கைகுடுத்தாலும் ஒட்டும். நம்ம நாட்டுல 1979இன் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்துல 414ஆம் பிரிவுப்படி பகுப்பாய்வாளரோட ரிப்போர்ட்ட சாட்சியா எடுக்கலாம், தேவைன்னா அவரையே கூப்பிட்டு விசாரிக்கலாம். தம்பிக்கு நான் சொன்னது, லோயர் ஐயா கிட்ட மூணே மூணு கேள்வி எழுதி குடு: எத்தன முறையில பாத்தீங்க, அளவு எவ்வளவு, வெறும் பஞ்சுல என்ன வந்துச்சு.

என் மகளுக்கு இந்த வேல கிடைக்குமா சேர்? என்ன படிக்கணும்?

ஏ.எல்.ல கெமிஸ்ட்ரி, அப்புறம் பேராதனையோ கொழும்போ யாழ்ப்பாணமோ கெமிஸ்ட்ரி டிகிரி, பிறகு திணைக்களத்துல ஆள் எடுக்கும்போது போடணும். சிங்களமும் இங்கிலீஷும் வேணும், கோர்ட்ல நின்னு பேசணும் இல்லயா. பிள்ளைக்கு கை பழகியிருக்கான்னு தெரியணும்னா, கபில வளையம் பண்ணும்போது பக்கத்துல வெறும் தண்ணியிலயும் ஒரு குழாய் வச்சு பாத்தாளான்னு கேளுங்க. கேக்காமலே வச்சிருந்தா எங்கிட்ட அனுப்புங்க, டியூஷன் காசு வேணாம்.